ஒரு சாணுக்குள் வேட்டைக்கத்தி: சேலத்தில் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

இங்கே பேசுவது மடக்குக் கத்தியைப் பற்றி அல்ல. பிடியோடு அசையாமல் நிற்கும் அலகு, 6 அங்குலமோ அதற்கு மேலோ நீளம், 4 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள முதுகு, இடுப்பில் தொங்க ஓர் உறை. இப்படிப்பட்ட பெரிய வேட்டைக்கத்திகளை இரும்புக்காகவும் வேலைப்பாட்டுக்காகவும் சேர்க்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை. வேட்டையே இந்த நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் முடிந்துபோன விஷயம். பெயரில் மட்டும்தான் வேட்டை. நாம் சேர்ப்பது கத்தியை.

புதிதாக வருபவர் ஆசையில் கத்தியை வாங்கிவிடுகிறார். பிறகு ஒருநாள், "இது எவ்வளவு நீளம், பில் எங்கே?" என்று யாராவது கேட்கும்போது விழிக்கிறார். அல்லது ஆறு மாதம் கழித்து உறையிலிருந்து உருவினால் அலகு முழுக்கத் துரு. இரண்டையும் தவிர்க்க முடியும், வரிசையை மாற்றிப் போட்டால்.

1. ஸ்கேலோடு தொடங்குங்கள்

12 அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று, ஒரு வெர்னியர் காலிப்பர். கத்திக்கு முன் இவை இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களைப் பட்டியலிடுகிறது. வாள், குத்துவாள், துப்பாக்கிமுனை ஈட்டி, வேல், போர்க்கோடரி ஆகியவற்றோடு கத்தியும் அதில் உண்டு; கிர்பானும் குக்ரியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அளவு என்னவென்றால், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். இரண்டில் ஒன்று மீறினாலே போதும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று வடிவமைத்தவை மட்டும் விலக்கு. அதனால்தான் தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு உரிமம் யாரும் கேட்பதில்லை. வேட்டைக்கத்தி அந்த விலக்குக்குள் வராது. "விவசாய வேலைக்கு" என்று சொல்லித் தப்பலாம் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் இந்த வகையை வைத்திருக்க உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க 10-ஆம் பிரிவு தனியாக உரிமம் கேட்கிறது. எந்த அறிவிக்கை எந்த ஊருக்கு என்று வாதாடி ஜெயிப்பதைவிட அளவுக்குள் நிற்பது எவ்வளவோ மேல். பெரிய அளவுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் வாங்குவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நகர வேண்டும்.

9 அங்குலம் என்பது நம் கணக்கில் சரியாக ஒரு சாண். மனதில் வைக்க எளிது; ஆனால் அளப்பதைக் கையால் செய்யாதீர்கள், ஆளுக்கு ஆள் சாண் மாறும். நுனியிலிருந்து பிடி அல்லது கைகாப்பு தொடங்கும் இடம்வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். கூர் இல்லாத அடிப்பகுதியையும் சேர்த்தே அளவு. வளைந்த அலகை வளைவோடு அளப்பது தவறு. அகலத்தை மிக அகன்ற இடத்தில் வெர்னியரால் பாருங்கள். விற்பவர் சொல்லும் "8 இன்ச்" சில நேரம் கூரான பகுதி மட்டும். 8.5 அங்குலம் நீளம், 1.75 அங்குலம் அகலம்: இதற்கு மேல் போகாமல் இருந்தால் எந்த ஸ்கேல் வந்தாலும் பயமில்லை.

அடிக்கடி விழும் குழிகள் இரண்டு. ஒன்று குக்ரி: நீளம் 9-க்குள் அடங்கினாலும் வயிற்றுப் பகுதி 2 அங்குலத்தைத் தாண்டிவிடும். இன்னொன்று, இருபுறமும் கூருள்ள அலகு. அது குத்துவாள் என்ற பெயருக்குள் போய்விடும் என்பதால் எந்த நீளத்திலும் வேண்டாம். நல்ல வேட்டைக்கத்திக்கு இரண்டு பக்கக் கூர் தேவையும் இல்லை.

2. கத்திக்கு முன் கோப்பு

ஒவ்வொரு கத்தியின் காகிதங்களுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நான்கு விஷயம்: பில், பணம் கட்டியதற்கான சான்று, ஸ்கேலோடு எடுத்த படம், இறக்குமதியானால் சுங்கக் காகிதம்.

பில்லில் "கத்தி, 1" என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. தயாரிப்பாளர் பெயர், மாடல், அலகின் நீளம், அகலம், ஒருபக்கக் கூர் என்ற விவரம் இருக்கட்டும். கடைக்காரர் எழுதத் தயங்கினால் அந்த இடத்தில் வாங்காதீர்கள். இருப்பதை இருப்பதாகவே எழுதச் சொல்லுங்கள். சமையல் கத்தி என்று பொய்யாக எழுதிய பில், பில் இல்லாததைவிட ஆபத்து.

படம் இரண்டு போதும். கத்தியின் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்து மேலிருந்து நேராக ஒன்று, முத்திரை தெரியும்படி நெருக்கமாக ஒன்று. சாய்ந்து எடுத்தால் அளவு பொய் சொல்லும்.

ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசை எண், வாங்கிய தேதி, யாரிடம், விலை, அளவு, இரும்பு, பிடி, எடை. எடையைச் சமையலறைத் தராசில் கிராமில் குறியுங்கள். போலியைக் கண்டுபிடிக்கப் பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

3. பணத்தைப் பிரிக்கும் விதம்

கையில் 20,000 ரூபாய் இருந்தால் கத்திக்கு 14,000-க்கு மேல் வேண்டாம். மீதி பூட்டுள்ள பெட்டிக்கும், சாணைக்கல்லுக்கும், ஈரம் காட்டும் கருவிக்கும், சிலிக்கா ஜெல்லுக்கும் போகட்டும். நாலு மலிவான கத்திகளைவிட ஒரு நல்ல கத்தி என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல. மலிவானதைத் திரும்ப விற்க முடியாது, நல்லதை வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே கொடுக்க முடியும்.

4. இரும்பைப் படியுங்கள்

சேலத்துக்காரருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. "சேலம் ஸ்டீல், துருவே பிடிக்காது" என்று பளபளக்கும் கத்தியைக் காட்டுவார்கள். நம் உருக்காலையில் உருட்டும் ஸ்டெயின்லெஸ் தகடு பாத்திரத்துக்கும் தொட்டிக்கும் முதல்தரமானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாத்திரத்துக்கான 304 ரகத்தை எவ்வளவு சூடாக்கி எதில் முக்கினாலும் அது இறுகாது. அந்தத் தகட்டை வெட்டிச் செய்த கத்தி கூர் நிற்காமல் வாய் (கூரான ஓரம்) மடங்கும். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கார்பன் அதிகபட்சம் 0.08 சதவீதம்தான். கத்திக்கு வேண்டியது கார்பன்.

ஒரு சிறு காந்தத்தைக் கையோடு வைத்திருங்கள். அலகில் ஒட்டவில்லை அல்லது சோம்பலாக ஒட்டுகிறது என்றால் அது 304 போன்ற இரும்பு, திருப்பிக் கொடுங்கள். ஒட்டினால் நல்ல இரும்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 430 ரகம் காந்தத்தில் நன்றாக ஒட்டும், ஆனால் அதையும் கத்திக்கு வேண்டிய அளவு இறுக்க முடியாது.

சேகரிப்பில் அதிகம் வரும் இரும்புகள் சில:

1095: கார்பன் 0.90 முதல் 1.03 சதவீதம். கூர் அருமையாக ஏறும், எளிதில் தீட்டலாம். குரோமியம் இல்லாததால் ஏற்காட்டு மூடுபனியில் ஒரே இரவில் துருப்புள்ளி வைக்கும்.

5160: கார்பன் 0.56 முதல் 0.64 சதவீதம், கொஞ்சம் குரோமியம். ஸ்பிரிங் எஃகு. பெரிய அலகுக்கு இதைவிட நம்பகமான எளிய இரும்பு கிடையாது. அடி தாங்கும், உடையாது.

420ஹெச்சி: துரு அதிகம் பிடிக்காது, தீட்டவும் சுலபம். கூர் நிற்பது நடுத்தரம். தொடங்குபவருக்கு ஏற்றது.

440சி: கார்பன் 0.95 முதல் 1.20, குரோமியம் 16 முதல் 18 சதவீதம். வெறும் "440" என்று மட்டும் பொறித்திருந்தால் அது 440ஏ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். கார்பன் குறைவு, விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

டி2: கார்பன் 1.40 முதல் 1.60, குரோமியம் 11 முதல் 13 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் பெரிய அலகில் ஓங்கி வெட்டினால் வாய் பொரியும். 6 அங்குலத்துக்குள் நல்லது, அதற்கு மேல் யோசிக்க வேண்டும்.

இரும்பின் பெயரைவிடப் பெரியது தோய்ச்சல், அதாவது அலகைக் காய்ச்சி முக்கி இறுக்கும் வேலை. பெரிய கத்திக்கு, இறுக்கத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 58 சரியான இடம். 60-ஐத் தாண்டினால் கணுவில் பட்டதும் தெறிக்கும், 50-க்குக் கீழே என்றால் வாய் புரளும். வீட்டில் ராக்வெல் எந்திரம் கிடையாது, ஆனால் புதிய நுண் அரம் ஒன்று போதும். பிடிக்கு அருகே முதுகில், வெளியே தெரியாத இடத்தில், விற்பவரிடம் கேட்டுவிட்டு மெல்ல ஒரு இழு. வெண்ணெயில் இறங்குவதுபோல அரம் கடித்தால் தோய்ச்சல் இல்லை. வழுக்கியும் வழுக்காமலும் கொஞ்சமாய்க் கடித்தால் சரி. சில கத்திகளில் முதுகை வேண்டுமென்றே இளக்கி வாயை மட்டும் இறுக்கியிருப்பார்கள். அங்கே கூருக்கு அருகேதான் பார்க்க வேண்டும். பழைய, விலை மதிப்புள்ள கத்தியில் அரத்தை வைக்கவே கூடாது.

"டமாஸ்கஸ்" என்று அலையலையாக வரிகள் கொண்ட அலகை மலிவாகக் காட்டினால், முதுகைப் பாருங்கள். உண்மையாகவே இரு இரும்புகளை அடித்து மடித்ததென்றால் வரி பக்கத்திலிருந்து முதுகு வழியாக மறுபக்கம் ஓடும். வெறும் மேல்பூச்சாகப் பொறித்திருந்தால் முதுகு வெறுமையாக இருக்கும். தீட்டினால் வாயருகே வரியும் அழிந்துவிடும். அடுக்குகள் ஒட்டாமல் விட்ட மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பதும் அவசியம், அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

5. வாலும் பிடியும்

அலகு பிடிக்குள் நுழையும் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். பிடியின் முழு நீளம், முழு அகலத்துக்கும் வால் இருந்தால் ஓரத்தில் இரும்பு கோடாகத் தெரியும், ஐயம் வேண்டாம். மறைந்த வால் என்றால் காந்தத்தைப் பிடியின் மேல் அடியிலிருந்து நுனிவரை நகர்த்துங்கள். பாதியிலேயே இழுப்பு நின்றால் வால் குட்டை. கடைசிவரை மெல்லியதாக இழுத்தால் நடுவில் ஒரு திருகு கம்பியைப் பற்றவைத்திருக்கலாம். அந்தப் பற்றுதான் முதலில் முறியும் இடம். கத்தியை மேசை ஓரத்தில் பிடியால் மெதுவாகத் தட்டினால் இறுகியது "டக்" என்று ஒரே சத்தம் தரும். தளர்ந்தது இரட்டைச் சத்தம்.

பிடியின் பொருளில்தான் நல்ல நல்ல சேகரிப்பாளர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுச் சந்தையில் மிக விரும்பப்படும் பிடி, கடமான் கொம்பு. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பூமா 'ஒயிட் ஹண்டர்' போன்ற புகழ்பெற்ற கத்திகள் பலவும் கொம்புப் பிடியோடுதான் வரும். அதே கொம்பை நம் நாட்டில் வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்பதெல்லாம் எடுபடாது. யானைத் தந்தமும் அப்படியே. அழகில் மயங்காதீர்கள். மைக்கார்ட்டா (பிசினில் அழுத்தி இறுக்கிய துணி), பினாலிக் (ஒருவகைக் கடினமான பிளாஸ்டிக்), அடுக்கிய தோல், ரப்பர், மரம் இவற்றோடு நில்லுங்கள்.

மரமென்றால் கருவேலம், நம் ஊர் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காலங்காலமாக நின்ற மரம். ஏற்காட்டில் தோட்டக்காரர் கழித்துப் போடும் பழைய காப்பிச் செடியின் அடித்தண்டு இறுக்கமானது, நுண்ணிய இழையுள்ளது. ஆறு மாதம் நிழலில் உலர்த்தினால் அருமையான பிடி. அதே தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இதற்கு மென்மை, வேண்டாம். சந்தனமும் செம்மரமும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடக்கூடாத மரங்கள்.

பழைய கத்திகளில் கண்ணாடிபோல் மினுங்கும் செல்லுலாய்டு பிடி வந்தால் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது நாளாக நாளாகச் சிதைந்து வெளிவிடும் அமிலப் புகை பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

6. முதல் கத்தியைத் தேர்ந்தெடுப்பது

நீண்டகாலமாக மாறாமல் வரும் மாடலில் தொடங்குங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விவரம் எங்கும் கிடைக்கும். அமெரிக்காவின் பக் நிறுவனத்து 119: அலகு 6 அங்குலம், மொத்தம் 10.5 அங்குலம், 420ஹெச்சி, கறுப்பு பினாலிக் பிடி. அதன் அண்ணன் 120-இன் அலகு 7 3/8 அங்குலம். இன்னொரு அமெரிக்கப் பெயரான கா-பார், அலகு 7 அங்குலம், அடுக்கிய தோல் பிடி. ஸ்வீடனின் ஃபால்க்னிவென் ஏ1, 160 மில்லிமீட்டர் அலகு, 6 மில்லிமீட்டர் முதுகு. எல்லாம் ஒரு சாணுக்குள் அடங்கும்.

பக் கத்திகளில் 1986 முதல் தயாரித்த ஆண்டைக் காட்டும் சிறு குறி முத்திரைக்கு அருகே இருக்கும். ஆண்டுக் குறியும், விற்பவர் சொல்லும் கதையும், பெட்டியின் வடிவமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். "மேற்கு ஜெர்மனி" என்று பொறித்திருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. சில நூறு ரூபாய்க்கு அமெரிக்கப் பெயரோடு தெருவில் விற்பவை போலி. எழுத்து பொறிக்கப்படாமல் மேலே அச்சடித்ததாக இருக்கும், எடை தயாரிப்பாளர் சொல்வதோடு ஒத்துப்போகாது.

7. வெளிநாட்டிலிருந்து தருவிப்பது

பணத்துக்கு முன் மூன்று காகிதம் தயாராக இருக்கட்டும். கத்தியின் நீளம், அகலம், பயன் தெளிவாகத் தெரியும் தயாரிப்பாளர் பக்கத்தின் அச்சு. பணம் செலுத்திய சான்று. ஆதார் அல்லது பான் நகல். இவை இல்லாமல் கூரியர் நிறுவனம் பொட்டலத்தை விடாது.

வரி, கத்தியின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் ஆர்டர் போடும் நாளில் கணக்கிட்டு, அதோடு கூரியரின் கையாளும் கட்டணத்தையும் சேர்த்தே "இந்தக் கத்தி எனக்கு எவ்வளவு" என்று முடிவெடுங்கள். பொட்டலத்தில் "பரிசு" என்று எழுதச் சொல்லி வரியைத் தவிர்க்கலாம் என்பது பழைய கதை. 2019 டிசம்பரில் ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு வைத்து அந்த வழி மூடப்பட்டது.

சுங்க வகைப்பாட்டில் அசையா அலகுள்ள கத்தி 8211 என்ற தலைப்பில் வரும், வாளும் துப்பாக்கிமுனை ஈட்டியும் 9307-இல். அனுப்புபவர் பொட்டலத்தின் மேல் கவனமின்றி "டாக்டிகல்", "காம்பாட்", "டாகர்" என்று எழுதிவிட்டால் அதிகாரி இரண்டாவது தலைப்பில் யோசிக்கத் தொடங்குவார். உள்ளது உள்ளபடி, ஒருபக்கக் கூருள்ள அசையா அலகுக் கத்தி, அலகு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதச் சொல்லி ஆர்டரிலேயே குறிப்பிடுங்கள்.

வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம். நிறுத்திவைத்ததாகத் தகவல் வந்தால் அன்றே பதில் அனுப்புங்கள், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை ஏறும். வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ அண்ணனோ வரும்போது கொண்டுவரச் சொன்னால், சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள், உறையோடு, பில்லோடு. கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தோடு போயிற்று.

8. பழைய சாமான்

எஸ்டேட் பங்களாக்களின் பழைய பொருள் கைமாறும்போது ஷெஃபீல்டு, சோலிங்கன் முத்திரையோடு கத்திகள் வெளிவருவதுண்டு. பிடி கொம்பா என்று முதலில் பாருங்கள். கொம்பென்றால் கையை எடுத்துவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும். அடுத்து அலகின் உருவம்: பலமுறை தீட்டித் தேய்ந்த அலகு கைகாப்புக்கு அருகே அகலமாகவும் நடுவில் குழிந்தும் இருக்கும். சாணைச் சக்கரத்தில் பளபளப்பாக்கிய பழைய கத்தியைவிடக் கருமை ஏறிய கத்திக்கு மதிப்பு அதிகம். விற்பவரின் பெயர், கையெழுத்து, அடையாள அட்டை எண்ணோடு ஒரு வெள்ளைத்தாளில் ரசீது வாங்குங்கள். 100 ஆண்டு கடந்த பொருளென்றால் அது தொல்பொருள். பின்னால் வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

9. கொல்லரிடம் செய்யச் சொல்வது

சேலம் மாவட்டத்தில் அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரிவாள் அடிக்கும் கை வேட்டைக்கத்திக்கு அப்படியே பொருந்தாது என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் "கத்தியா?" என்று அவர் தயங்கினால் அது நியாயமான தயக்கம், போலீஸ் கேள்வி அவரிடம்தான் முதலில் வரும். அளவு எழுதிய வரைபடமும் உங்கள் முகவரியும் கொடுங்கள். அளவைத் தாண்டிய கத்தியை அடிக்கச் சொல்லி அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அந்த வகை ஆயுதத்தைச் செய்யவும் விற்கவும் தனி உரிமம் வேண்டும்.

அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டிக் கொடுப்பதே சிறந்த வழி. அலகு 8 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், முதுகு 5 மில்லிமீட்டர், வால் பிடி முழுக்க.

இரும்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டை. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி பெருத்த ஊர்கள் என்பதால் தட்டுப்பாடு இல்லை. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், தோய்ச்சலில்தான் அது வாய் திறக்கும். ஸ்பிரிங் கட்டும் கடையில் புதிய பட்டையின் வெட்டுத்துண்டைக் கேளுங்கள்.

தோய்ச்சலில் வழக்கமாக நடக்கும் தவறு தண்ணீர். அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டுவது பழக்கம்; ஸ்பிரிங் பட்டையை முழுதாகத் தண்ணீரில் முக்கினால் "டிக்" என்ற சத்தத்தோடு பிளக்கலாம். 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெய் போதும். அலகைக் காந்தம் ஒட்டாத நிலைவரை (அது ஏறத்தாழ 770 டிகிரி) காய்ச்சி, அதற்கு மேல் ஒரு சாயல் கூடியதும், நுனி கீழாக நேராக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் அலகு கோணும். ஆறியதும் அலகு கண்ணாடிபோல் உடையும் நிலையில் இருக்கும்; அன்றே இளக்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. 200 முதல் 220 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். பட்டறையில் அடுப்பு இல்லையென்றால் வீட்டு ஓவன் போதுமானது. தேய்த்துச் சுத்தம் செய்த அலகில் வைக்கோல் நிறம் வர வேண்டும். நீலம் வந்துவிட்டால் ஸ்பிரிங் ஆகிவிட்டது, கூர் நிற்காது, திரும்பவும் முதலிலிருந்து.

தீட்டிய பிறகு வாயை ஒரு பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து அழுத்தி நகர்த்துங்கள். வாய் லேசாக வளைந்து திரும்பினால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் இளக்கம், பொரிந்தால் இறுக்கம்.

நல்ல அரிவாளுக்குக் கேட்கும் கூலியைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்டாலும் பேரம் பேசாதீர்கள், தேய்ப்பதற்கே ஒருநாள் வேலை போகும். பொங்கலுக்கு முன்னும் ஆயுத பூஜையை ஒட்டியும் பட்டறையில் கை ஓயாது. மாசி, பங்குனியில் கொடுத்தால் நிதானமாகச் செய்வார்கள்.

10. கொண்டுபோவதும் காட்டுவதும்

அளவுக்குள் இருக்கும் கத்தியானாலும் இடுப்பில் கட்டித் தெருவில் நடக்க அது அனுமதி அல்ல. வண்டியில் கொண்டுபோனால் உறையில், உறை துணியில், துணி பூட்டிய பெட்டியில், பெட்டி டிக்கியில். பில் நகல் உங்கள் பையில். ஏற்காட்டு அடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களிலும் தேர்தல் அறிவிப்புக்குப் பின்னும் சோதனை கூடுதலாக இருக்கும், அப்போது கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

காப்புக்காட்டுக்குள் கத்தியோடு போய் ஒரு கிளையை வெட்டிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். வெட்டிப் பார்க்கத் தென்னை மட்டையும் காய்ந்த மூங்கிலும் போதும், அதுவும் சொந்தப் பட்டா நிலத்தில்.

இளைஞர்களுக்கு ஒன்று அழுத்தமாக: கத்தியைப் பிடித்தபடி ரீல்ஸ் போடுவதோ, பிறந்தநாள் கேக் வெட்டுவதோ கூடாது. இதற்காகவே தமிழகம் முழுக்க வழக்குகள் பதிவாகின்றன. சேகரிப்பைப் படமெடுத்தால் மேசைமேல், ஸ்கேலோடு, முகமில்லாமல்.

11. ஈரத்தோடு போராட்டம்

1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். சேலத்து வெயிலில் ஆறு மாதம் பளபளத்த அலகு ஏற்காட்டில் ஆறே நாளில் புள்ளி வைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உறைக்குள் கத்தியை நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும், பித்தளைக் கைகாப்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் இன்னும் மோசம். புதிய உறை தைக்கச் சொன்னால், திண்டுக்கல், திருச்சி வழியாக வரும் பட்டைப் பதனிட்ட தோலை 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் கேளுங்கள். உறை பக்கத்தில், கத்தி தனியாக எண்ணெய்த் துணியில்.

தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், நல்லெண்ணெய் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய், அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு. துணியில் தடவித் துடைத்தபின் அலகில் விரல் வைத்தால் வழுக்க வேண்டும், சொட்டக்கூடாது. மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதற்கு நுண்படிக மெழுகு இன்னும் நல்லது. கைரேகையின் உப்பே துருவுக்கு வித்து, தொட்ட ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரம் காட்டும் கருவியும். 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் மரப்பிடி சுருங்கி ஆணி எழும்பும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், கோடையில் மாதம் ஒன்று போதும்.

மலையிலிருந்து கீழே கொண்டுவந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த அலகில் கீழ்க்காற்றின் ஈரம் பனியாக இறங்கும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

துருவைக் கண்டால் பதற வேண்டாம். செந்துரு என்றால் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, மிக நுண்ணிய நான்கு சுழி (0000) எஃகுப் பஞ்சால் அலகின் நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். சாம்பல் கருமை துரு அல்ல, அது காப்பு. தேய்த்தெடுத்தால் மதிப்பும் போகும், காப்பும் போகும். மின்சாணையில் வைத்தால் வாயருகே சூடேறித் தோய்ச்சலே கெட்டுவிடும்.

12. கைமாற்றும்போது

விற்றாலும் பரிசாகக் கொடுத்தாலும் வாங்குபவர் 18 வயது கடந்தவரா என்று பாருங்கள், அடையாள அட்டை நகல் வாங்குங்கள். இரண்டு பேர் கையெழுத்தோடு தேதி, அளவு எழுதிய ரசீதின் ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். மூல பில் கத்தியோடு போகும், அதன் நகல் உங்கள் கோப்பில் நிற்கும். நோட்டில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே பெயரும் தேதியும் எழுதுங்கள். அந்த எண்ணை அடுத்த கத்திக்குக் கொடுக்காதீர்கள்.